சந்தகை, பள்ளிபாளையம், சுட்ட தேங்காய்க் கடல்பாசி

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று கைபேசியைத் திறந்தால் பாஸ்தாவும் பனீரும்தான் வரிசை கட்டி நிற்கின்றன. எனக்கும் அதிலெல்லாம் ஆசை உண்டு. ஆனால் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு சீஸுக்கும் கிரீமுக்கும் அலைவதை விட, உழவர் சந்தையில் கிடைக்கிற சாமானை வைத்தே இதுவரை என் கையால் செய்யாததைச் செய்து பார்ப்பது மேல் என்று தோன்றியது.

அப்படித் தேறியது மூன்று. சாப்பாட்டுக்குச் சந்தகை, அதாவது வேக வைத்த அரிசி மாவை மெஷினில் நூல் நூலாகப் பிழிவது. எங்கள் வீட்டில் அது எப்போதும் அத்தையின் கைவேலை, நான் மெஷின் காலைப் பிடித்ததோடு சரி. தொட்டுக்கொள்ளப் பள்ளிபாளையம் சிக்கன், கூடவே அதே முறையில் சிப்பிக் காளான். வீட்டுக்காரர் சனிக்கிழமை கறி தொட மாட்டார், அதனால் காளான். இனிப்பு நானாக யோசித்தது: ஆடி ஒண்ணாந்தேதி சுடுவது போலத் தேங்காயைச் சுட்டு, அதிலிருந்து பாலெடுத்து, நாட்டுச் சர்க்கரையோடு கடல்பாசியில் உறைய வைப்பது.

செய்முறை சொல்கிறவர்கள் எல்லாரும் அளவைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை கிராம், எத்தனை கரண்டி என்பதில் குறையே இல்லை. எந்த நேரத்தில் சூடு இருந்தே ஆக வேண்டும், எந்த நேரத்தில் இருக்கவே கூடாது என்பதைத்தான் போகிற போக்கில் விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் இங்கே அளவு கொஞ்சம்தான், சூட்டின் கதைதான் அதிகம்.

மூன்றுக்கும் தேங்காய் வேண்டும். சம்பத் நகர் உழவர் சந்தையில் பொறுக்கி எடுத்தேன். பாலுக்கு முற்றிய காய் வேண்டும்: கையில் கனமாக இருக்க வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலவென்று கேட்க வேண்டும். பள்ளிபாளையத்துக்குப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட அவ்வளவு முற்றாத காயே நல்லது, மெல்ல இதமாக இருக்கும். சுடுவதற்கு ஒரு விரிசல் கூட இல்லாத உருண்டைக் காய். நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வந்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரையும் அந்த ஊர்ப் பக்கத்ததுதான். வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெளுத்த மஞ்சளாக இருந்தால் நான் வாங்குவதில்லை. கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக, விரலால் நசுக்கினால் ஈரம் ஒட்டுகிற சர்க்கரைதான் என் கணக்கில் நல்லது.

சந்தகை

இட்லி அரிசி 2 டம்ளர், நான்கு பேருக்குத் தாராளம். 4 மணி நேரம் ஊறப் போட்டு, கிரைண்டரில் நைசாக ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டால் மாவு தயார். உளுந்து கிடையாது, புளிக்கவும் வைப்பதில்லை. இட்லி மாவுப் பதம் போதும். இட்லித் தட்டில் ஊற்றி 15 நிமிடம் வேக வைத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் எடுத்துப் பிழிய வேண்டும்.

எழுதும்போது இவ்வளவுதான். பிழிவதில்தான் வேலை. எங்களிடம் இருப்பது மூன்று கால் மெஷின், மேலே திருகுகிற கைப்பிடி. ஒருவர் காலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் திருக வேண்டும். இட்லியை ஆவி பறக்க எடுத்து உடனே உள்ளே போட்டுத் திருகினால் நூல் நூலாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நாலு நிமிடம் தாமதித்தால் கைப்பிடி நகர மறுக்கிறது.

“சூட்டோட போடு அம்மிணி, ஆறுச்சுன்னா மரமாட்ட ஆயிரும்” என்றார் அத்தை, காய் நறுக்கிக்கொண்டே.

“சரிங்கத்தை” என்று சொல்லிவிட்டு, வெந்த இட்லிகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல், பாத்திரத்துக்குள்ளேயே மூடி வைத்து அடுப்பைச் சிம்மில் விட்டுவிட்டேன். மெஷினுக்கு எத்தனை கொள்ளுமோ அத்தனை மட்டும் அவ்வப்போது எடுத்தேன். இதற்குக் காரணம் அரிசியின் மாவுச்சத்து. வெந்த சூட்டில் அது தண்ணீரை உறிஞ்சி உப்பி நெகிழ்ந்து கிடக்கிறது. ஆற ஆற அந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடுகின்றன. பழைய சோறு விறைப்பதும் இதே சங்கதிதான். புழுங்கல் அரிசி ஏற்கனவே ஒரு முறை ஆவியில் வெந்து காய்ந்தது என்பதால் அதில் பிழிந்த நூல் அறுந்து குழையாமல் நிற்கிறது. பச்சரிசியில் இந்தப் பிடிப்பு வராது.

மாவில் ஒரு பங்குக்கு மட்டும் கால்வாசி அரிசியைக் குறைத்துத் தினை சேர்த்து ஆட்டினேன். வாசனை நன்றாக இருந்தது, நூல் மட்டும் விரல் நீளத்துக்கு மேல் வரவில்லை. தாளித்துச் சாப்பிட அது சரி. தேங்காய்ப்பால் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுவதற்கு வெறும் அரிசிதான். புது மாப்பிள்ளை விருந்துக்கு எங்கள் பக்கம் பிழிகிற சந்தகையில் யாரும் தினை சேர்த்துப் பார்த்ததில்லை, சேர்க்கவும் வேண்டாம்.

தேங்காய்ப்பாலுக்குத் துருவிய தேங்காயை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, முதல் பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியாகப் பிழிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பாலில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்துச் சூடாக்கி, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு முதல் பாலைச் சேர்க்க வேண்டும். ஏலக்காயும் ஒரு சிட்டிகை சுக்கும் போதும். முதல் பாலைக் கொதிக்க விடவே கூடாது. கொழுப்பும் தண்ணீரும் கலந்து நிற்பதுதான் தேங்காய்ப்பால். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஞ்சம் புரதம். கொதியில் அந்தப் பிடி விட்டுப்போனால் மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் திப்பி திப்பியாக நிற்கும்.

கோழியும் காளானும்

பள்ளிபாளையம் எங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம். முட்டைக்குப் பேர் போன மாவட்டத்திலிருந்து ஒரு கோழிக்கறி ஊர் பேரோடு கிளம்பியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் அதில் என்னென்ன இல்லை என்பதுதான். மிளகாய்த்தூள் இல்லை, மல்லித்தூள் இல்லை, கரம் மசாலா இல்லை. இஞ்சி பூண்டு சேர்க்கிறவர்கள் உண்டு, நான் சேர்க்கவில்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். ஈரோட்டுக்காரிக்கு மஞ்சளைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் கிடைத்தது, அத்தை அரைத் தேக்கரண்டி போடுகிற இடத்தில் முக்கால் போடுகிறார்.

இத்தனை குறைவான சாமானில் மறைந்துகொள்ள இடமே இல்லை. மிளகாய் ஒன்று கருகினாலும் சட்டி முழுக்கத் தெரியும். அரைக் கிலோ கோழிக்குக் கை நிறைய வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு எடுத்துக்கொண்டேன். விதையில் காரம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் காரம் குடியிருப்பது விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிறிய உள் தசையில். உதறும்போது அதுவும் பாதி உதிர்ந்துவிடுவதால்தான் காரம் குறைகிறது. விதையைத் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எண்ணெயில் முதலில் தீய்ந்து கசக்கும்.

கடலை எண்ணெயைத் தாராளமாக விட்டு, மிதமான சூட்டில் மிளகாயைப் போட்டேன். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் அந்த எண்ணெயே மசாலா. மிளகாய் உப்பி, பளபளத்து, எண்ணெய் செம்மை ஏறுகிற நேரம் மிகவும் குறுகியது. அதைத் தாண்டினால் பழுப்பு, அதையும் தாண்டினால் இருமல். நிறம் மாறத் தொடங்கியதுமே கால் கிலோ சின்ன வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். வெங்காயத்தின் ஈரம் சூட்டைச் சட்டென்று இறக்கி மிளகாயைக் காப்பாற்றும். பிறகு கறிவேப்பிலை, மஞ்சள், எலும்போடு சிறு சிறு துண்டாக வெட்டிய கோழி, உப்பு. பிராய்லர் கோழி தானே தண்ணீர் விடும், ஒரு சொட்டுக் கூட ஊற்ற வேண்டாம். மூடி போட்டு, சிறு தீயில் 20 நிமிடம். கடைசியில் மூடியைத் திறந்து, தேங்காய்ப் பல்லைப் போட்டு, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும் வரை கிளறினால் ஆயிற்று. நாட்டுக்கோழி என்றால் கொஞ்சம் தண்ணீரும் இன்னும் நிறைய நேரமும் வேண்டும்.

காளானுக்கு வரிசை அப்படியே தலைகீழ். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டால் அந்தத் தண்ணீரிலேயே எல்லாம் வெந்து கூழாகிறது, எண்ணெயின் சிவப்பும் வெளுத்துப் போகிறது. அதனால் சிப்பிக் காளானை நாராகக் கிழித்து, முதலில் வெறும் இரும்புச் சட்டியில், எண்ணெய் இல்லாமல், பெருந்தீயில் வதக்கினேன். தண்ணீர் கொட்டும், பயப்படாமல் சுண்ட விடுங்கள். காளானின் உடம்பைக் கட்டி வைத்திருப்பது கைட்டின் என்ற பொருள், அது சமையல் சூட்டில் கரைவதில்லை. கறியை அதிகம் வேக வைத்தால் சக்கை, காய்கறியை அதிகம் வேக வைத்தால் குழைவு. காளானுக்கு இரண்டும் கிடையாது. ஓரம் லேசாகச் சிவந்ததும் தனியே எடுத்து வைத்து, இன்னொரு சட்டியில் மிளகாய், வெங்காயம், தேங்காய் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் சேர்த்துப் பிரட்டினேன். உப்பும் அப்போதுதான், முன்னாலேயே போட்டால் மறுபடி தண்ணீர் விடும்.

சிப்பிக் காளான் இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதில் பல ரகங்களை வெளியிட்டு, வளர்க்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மொட்டுக் காளானிலும் செய்யலாம், ஆனால் அந்த நார் நாரான மெல்லு கிடைக்காது. என்னைக் கேட்டால் இரண்டில் காளான்தான் ஒரு படி மேல். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

இனிப்பு

ஆடி ஒண்ணாந்தேதி தேங்காய் சுடுவது சேலம், நாமக்கல், கரூர், ஈரோட்டுப் பக்கங்களில் நடப்பது. பாரதப் போர் தொடங்கிய நாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நார் நீக்கிய தேங்காயைத் தரையில் தேய்த்து மழமழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் எல்லாம் உள்ளே திணித்து, அழிஞ்சிக் குச்சியில் சொருகி, மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டுவார்கள். அந்தப் புகை வாசனையும் இனிப்பும் சேர்ந்த தேங்காயை வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவானேன் என்பதுதான் என் யோசனை.

மொட்டை மாடியில் பழைய இரும்பு அடுப்பில் தேங்காய்த் தொட்டிகளை எரித்துக் கனல் ஆக்கினேன். கேஸ் அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம், ஓடு எரிகிற கரியும் எண்ணெயும் பர்னரில் சொட்டும். முழுத் தேங்காயின் கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டு, பூரணம் எதுவும் திணிக்காமல், கண்ணை அடைக்காமல் கனல் மேல் உருட்டி உருட்டிச் சுட்டேன். கண் திறந்திருப்பது முக்கியம். மூடிய தேங்காயை நெருப்பில் போட்டால் உள்ளே ஆவி அடைத்துக்கொண்டு வெடிக்கும். ஓடு கறுத்து, அங்கங்கே விரிசல் விட்டதும் எடுத்து ஆற வைத்தேன். உடைத்தபோது பருப்பு ஓட்டை விட்டுத் தானாகவே கழன்று வந்தது. சூட்டில் தேங்காய் லேசாகச் சுருங்குவதால் அப்படி. துருவுகிற வேலை மிச்சம்.

பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, வெந்நீர் சேர்த்து அரைத்துப் பிழிந்ததில் பச்சைத் தேங்காய் அளவுக்குப் பால் வரவில்லை. வாசனை மட்டும் அடுக்களை தாண்டி வாசல் வரை போயிற்று. சுட்ட தேங்காய்ப்பால் மட்டும் வைத்துச் செய்த தட்டு, சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குப் புகை தூக்கலாக இருந்தது. “அம்மா, இதுல ஊர் அடுப்பு வாசம் அடிக்குது” என்று மகன் நகர்த்திவிட்டான். பாதிச் சுட்ட பால், பாதிப் பச்சைப் பால் என்று கலந்ததுதான் எல்லாருக்கும் இறங்கியது. கீழே சொல்லும் அளவு அதற்குத்தான்: இரண்டும் சேர்த்து 350 மில்லி கெட்டிப் பால், 150 கிராம் நாட்டுச் சர்க்கரை, 8 கிராம் கடல்பாசி இழை, 400 மில்லி தண்ணீர், சர்க்கரையைக் கரைக்க வடித்து வைத்த தேங்காய்த் தண்ணீரில் அரை டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், நாட்டுச் சர்க்கரையின் வாசனையை அதுதான் எழுப்பிக் காட்டுகிறது.

கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பதும் கடல்பாசிதான். ராமநாதபுரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் இதற்கே போகிறது. ஜெலட்டினைப் போல மாட்டு எலும்பு, தோல் சமாச்சாரம் எதுவும் இல்லாததால் சனிக்கிழமைக்கும் ஆகும்.

இந்த இனிப்பின் முடிச்சு எங்கே என்றால், கடல்பாசி கொதித்தே ஆக வேண்டும், தேங்காய்ப்பால் கொதிக்கவே கூடாது. கடல்பாசி சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் முழுசாகக் கரையும். கரைந்த பின் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் உறையத் தொடங்கிவிடும். பல குறிப்புகளில் பாலையும் கடல்பாசியையும் ஒன்றாகக் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். மாட்டுப்பாலுக்கு அது நடக்கும், தேங்காய்ப்பாலுக்கு நடக்காது. அதனால் கடல்பாசியை 20 நிமிடம் ஊற வைத்து, வெறும் தண்ணீரில் தனியாக, இழை ஒன்று கூடக் கண்ணுக்குத் தெரியாத வரை கொதிக்க விட்டேன். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். வடிகட்டி, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் சர்க்கரைக் கரைசல், கடைசியில் பால்.

பால் குளிர்ந்திருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் கடல்பாசி அந்த இடத்திலேயே கட்டி கட்டியாக உறையும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் கிண்ணத்தை வைத்துத் தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடாக்கிக்கொண்டேன். சர்க்கரைக் கரைசலும் அதே சூட்டில் இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரைக்குக் கொஞ்சம் புளிப்புக் குணம் உண்டு. கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் பால் திரியும்.

இதற்குப் பிறகு ஊற்றுகிற நேரத்தை வைத்து இரண்டு விதமாக வருகிறது. கலந்த சூட்டோடு தட்டில் ஊற்றி அசைக்காமல் விட்டால், தேங்காய்க் கொழுப்பு மெல்ல மேலே ஏறி, மேலே வெளிர் நிறமும் கீழே தேன் நிறமுமாக இரண்டு அடுக்கு தானாகவே அமைகிறது. அடுக்கு வேண்டாம், ஒரே நிறமாக வேண்டும் என்றால் கை பொறுக்கிற சூடு வரும் வரை கலக்கிக்கொண்டே இருந்து, லேசாகக் கெட்டிப்படும்போது ஊற்ற வேண்டும். எனக்கு அடுக்குதான் பிடித்தது, வேலையும் குறைவு. இரண்டு விரற்கடை ஆழமுள்ள எவர்சில்வர் தட்டில், ஃப்ரிட்ஜ் இல்லாமலே, ஒரு மணி நேரத்துக்குள் உறைந்துவிட்டது. ஈரோட்டு வெயிலிலும் உறையும் என்பது கடல்பாசியின் பெரிய சௌகரியம்.

சாய்சதுரமாக வெட்டி, பரிமாறும் நேரத்தில் மேலே தூவியது ஆடித் தேங்காயின் பூரணமேதான்: வறுத்த பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை மூன்றையும் கொரகொரப்பாகப் பொடித்து, ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி விட்டுப் பிசறியது. முன்கூட்டியே தூவினால் நமத்துப் போகும். ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். கடல்பாசி உறைந்து உருகினால் தண்ணீர் தனியே பிரிந்து வெறும் பஞ்சாகிவிடும். கடைக்கு வரும் அந்தக் காய்ந்த இழைகளையே பழைய முறையில் அப்படித்தான் உறைய வைத்து, உருக விட்டுத் தண்ணீரை நீக்கிச் செய்தார்கள்.

வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மதியம் அரிசியை ஊறப் போட்டுவிட்டு, பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் தேங்காய் சுடுவதும் இனிப்பை உறைய வைப்பதும். சாயங்காலம் மாவு ஆட்டி, காளான், கோழி முடித்து, எல்லாரும் உட்கார அரை மணி இருக்கும்போது சந்தகை. அதை மட்டும் முன்னால் நகர்த்த முடியாது.

மிஞ்சியதைப் பற்றி. இனிப்பு மறுநாள் தண்ணீர் விட்டு நின்றது, வடித்துவிட்டுச் சாப்பிட்டால் ருசி குறையவில்லை, மேல் அடுக்கு மட்டும் கொஞ்சம் வழுக்கியது. சந்தகை விறைத்துப் போயிருந்தது. தண்ணீர் தெளித்து இட்லிப் பாத்திரத்தில் 3 நிமிடம் ஆவி காட்டினால் நூல் மறுபடி நெகிழ்ந்துவிடுகிறது. அதைச் சிக்கன் சட்டியில் ஒட்டியிருந்த சிவந்த எண்ணெய், நாலு மிளகாய், மிஞ்சிய தேங்காய்ப் பல்லோடு சேர்த்துப் பிரட்டியதுதான் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு. ராத்திரி வைத்த எதை விடவும் அதற்குத்தான் வீட்டில் இப்போது கேட்பு அதிகம். அடுத்த முறை எண்ணெயைக் கூடுதலாகவே விடப் போகிறேன்.